தனியாள் இல்லாத பதினேழு எண்கள்

அடுத்தடுத்து வரும் எண்கள் நாலைந்தை எழுதிப் பாருங்கள். 24, 25, 26, 27, 28. இதில் 24, 26, 28 மூன்றுக்கும் 2 பொது. 24க்கும் 27க்கும் 3 பொது. 25 மட்டும் யாரோடும் ஒட்டவில்லை. அதற்குள் இருப்பது 5 ஒன்றுதான். அந்த 5 மற்ற நான்கில் எதையும் வகுக்காது. பகா எண்ணே கலக்காத இடத்துக்குப் போவோம். 90 முதல் 96 வரை ஏழு எண்கள், ஒன்றுகூடப் பகா எண் இல்லை. அங்கேயும் 91 தப்பித்துவிடுகிறது. 91 என்பது 7 பெருக்கல் 13. அக்கம்பக்கத்து ஆறு எண்களிலும் 7உம் இல்லை, 13உம் இல்லை. ஆகவே 91 தனியாள்.

எண்வரிசையில் எங்கே கை வைத்தாலும் சரி, இரண்டிலிருந்து பதினாறு எண்கள் வரை எத்தனையைத் தொடர்ச்சியாக எடுத்தாலும் சரி, இப்படி ஒரு தனியாளாவது இருந்தே தீரும். ஆயிரத்தில் தேடினாலும் கோடியில் தேடினாலும் விதிவிலக்கு கிடையாது. பதினேழு எண்களை எடுக்கும்போது இது உடைகிறது. உடைகிற முதல் இடம் 2184. அங்கிருந்து 2200 வரை வரும் பதினேழு எண்களும் ஒன்றுக்கொன்று ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஒரு தெருவில் பதினேழு வீடு, சொந்தம் விட்டுப்போன வீடு ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினாறு வரை தாங்கும், பதினேழில் உடையும் என்று நிரூபித்தவர் சாரல் அடிக்கும் ஊர்க்காரர். குற்றாலத்துக்கு அருகே, செங்கோட்டைப் பக்கம், வல்லம் என்ற கிராமத்தில் 1901 ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை. அப்பா பெயர் சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். அம்மா கோமதி, மகன் சங்கரநாராயணன் என்றால் சங்கரன்கோயில் சாமியை நினைக்காத திருநெல்வேலிக்காரர் இருக்க முடியாது. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்று வட்டாரத்துப் பிள்ளை அவர். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை; 2019இலிருந்து தென்காசி மாவட்டம்.

குழந்தைக்கு ஒரு வயதானபோது தாய் போனார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தகப்பனும் போனார். படிப்பு அதோடு நின்றிருக்க வேண்டியது. பையனின் கணக்குப் புத்தியைப் பார்த்து வைத்திருந்த ஓர் ஆசிரியர் கைக்காசு கொடுத்துத் தாங்கினார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை. அங்கே கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசாமி என்ற இரண்டு பெரிய கணித ஆசான்கள் இருந்தார்கள். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்துவிட்டு வந்தவர். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டு பிள்ளை அங்கே விரிவுரையாளராகப் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேதான். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் சிதம்பரத்தில் நடந்தவை.

செங்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வாஞ்சிநாதன் நினைவுக்கு வருவார். மணியாச்சியில் கலெக்டர் ஆஷை அவர் சுட்ட 1911இல் பிள்ளைக்குப் பத்து வயது. வாஞ்சிக்கு ரயில் நிலையத்தின் பெயர் கிடைத்தது. பிள்ளையின் பெயர் உலகக் கணித இதழ்களின் தலைப்புகளில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கேட்டால் யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். ராமானுஜனுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கணிதமே நடக்கவில்லை என்பதுபோல நாம் பழகிவிட்டோம். ஈரோட்டு வீடும் கும்பகோணத்து வீடும் எல்லாருக்கும் தெரியும். வல்லம் தெரியாது.

சரி, பதினேழு எண்களுக்கு வருவோம். ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே அவற்றின் பகாக் காரணிகளைப் போட்டுக்கொண்டால் போதும். இதற்குக் கணினி வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

2184 = 2 × 2 × 2 × 3 × 7 × 13
2185 = 5 × 19 × 23
2186 = 2 × 1093
2187 = 3 × 3 × 3 × 3 × 3 × 3 × 3
2188 = 2 × 2 × 547
2189 = 11 × 199
2190 = 2 × 3 × 5 × 73
2191 = 7 × 313
2192 = 2 × 2 × 2 × 2 × 137
2193 = 3 × 17 × 43
2194 = 2 × 1097
2195 = 5 × 439
2196 = 2 × 2 × 3 × 3 × 61
2197 = 13 × 13 × 13
2198 = 2 × 7 × 157
2199 = 3 × 733
2200 = 2 × 2 × 2 × 5 × 5 × 11

இரட்டை எண்கள் ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. 2 அவற்றைப் பிணைத்துவிடுகிறது. சிக்கல் எட்டு ஒற்றை எண்களில்தான். இரண்டு எண்களுக்குப் பொதுவாக ஒரு வகுஎண் இருந்தால், அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். இந்த வரிசையில் அதிகபட்ச வித்தியாசம் 16. ஆகவே 19, 23, 73, 313 போன்ற பெரிய பகா எண்கள் எல்லாம் இங்கே செல்லாக்காசு. வேலைக்கு ஆவது 3, 5, 7, 11, 13 என்ற ஐந்து மட்டும். எட்டு ஒற்றை எண்களையும் இந்த ஐந்தும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படிப் போட்டிருக்கின்றன பாருங்கள். 3 எடுத்துக்கொண்டது 2187, 2193, 2199 என்று மூன்றை. 5 எடுத்தது 2185, 2195 என்று இரண்டை. 7க்கு 2191. 11க்கு 2189, அதன் துணை கடைசியில் நிற்கும் 2200. 13க்கு 2197, அதன் துணை முதலில் நிற்கும் 2184. மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று: மொத்தம் எட்டு. ஒன்று மிஞ்சவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எந்த ஒற்றை எண்ணையும் இரண்டு பேர் பிடித்து வீணாக்கவும் இல்லை. இரு முனைகளில் ஏதாவது ஒன்றை வெட்டி வரிசையைப் பதினாறாக்கிப் பாருங்கள்: 2200 போனால் 2189 தனியாள், 2184 போனால் 2197 தனியாள். வேறு எந்த இடத்தில் பதினாறை எடுத்து, இந்த ஐந்து பேரையும் எப்படி மாற்றி மாற்றி உட்காரவைத்தாலும், ஓர் எண்ணாவது வெளியே நின்றுவிடுகிறது. பிள்ளை நிரூபித்தது அதைத்தான்.

2184 என்ற இடத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. கூடையில் எத்தனை மாம்பழம், மூன்று மூன்றாக எடுத்தால் இத்தனை மிச்சம், ஐந்தைந்தாக எடுத்தால் இத்தனை மிச்சம் என்று திண்ணையில் பெரியவர்கள் போடுவார்களே, அந்தக் கணக்கேதான். பாடப்புத்தகம் சீன மீதித் தேற்றம் என்கிறது. ஆரியபடர் காலத்திலிருந்து நம் நாட்டில் குட்டகம் என்ற முறை உண்டு. முதல் எண்ணை 2, 3, 7, 13 நான்கும் வகுக்க வேண்டும் என்றால் அது 546இன் மடங்கு. அடுத்த எண்ணை 5 வகுக்க வேண்டும், ஐந்து தள்ளி வரும் எண்ணை 11 வகுக்க வேண்டும். அப்படியானால் முதல் எண்ணை 5ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் மீதி 6 வர வேண்டும். 546க்கு மீதிகள் 1, 7. 1092க்கு 2, 3. 1638க்கு 3, 10. நான்காவது மடங்கு 2184. மீதிகள் 4, 6. அகப்பட்டுக்கொண்டது.

2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கினால் 30030. ஆகவே 30030 தள்ளி, 32214இலிருந்து 32230 வரை இதே அமைப்பு மறுபடி வரும். பிறகு 30030க்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழாகவும் ஒன்று உண்டு: 27830 முதல் 27846 வரை. அங்கே 11க்கான துணை முதலிலும் 13க்கான துணை கடைசியிலுமாக வரிசை திரும்பி நிற்கும்.

பிள்ளைக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது? விளையாட்டுக்கு அல்ல. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் வரும் விடை எப்போதாவது ஒரு முழு வர்க்கமாகவோ, முழுக் கனமாகவோ, அதற்கு மேற்பட்ட அடுக்காகவோ இருக்க முடியுமா என்பது அன்று தீராத பிரச்சினை. 5 × 6 × 7 = 210, வர்க்கமில்லை. இன்னும் நீட்டினாலும் இல்லை. ஆனால் எப்போதுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? வரிசையில் ஒரு தனியாள் இருந்தால் ஒரு பிடி கிடைக்கிறது. பெருக்கல் பலன் முழு வர்க்கம் என்றால், மற்றவர்களோடு எதையும் பகிராத அந்த எண் தானே ஒரு முழு வர்க்கமாக இருந்தாக வேண்டும். அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு பலவற்றைத் தள்ளிவிடலாம். அப்படியானால் தனியாள் எப்போதும் கிடைப்பாரா என்று கேட்க வேண்டியதாகிறது. பதினாறு வரை கிடைப்பார் என்பது பிள்ளையின் விடை. பதினேழிலிருந்து இந்த வழி அடைபட்டுவிடுகிறது. முழுப் பிரச்சினையையும் வேறு வழியில் எர்டோஷும் செல்ஃப்ரிட்ஜும் 1975இல் முடித்தார்கள்: அடுத்தடுத்த எண்களின் பெருக்கல் பலன் எக்காலத்திலும் ஒரு முழு அடுக்காகாது.

1940இல் பிள்ளை இதைக் கட்டுரையாக எழுதினார். 'm அடுத்தடுத்த முழு எண்கள்' என்பது தலைப்பு. சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கை இதழில் அச்சானது. பதினேழில் மட்டுமல்ல, 17 முதல் 430 வரை எந்த நீளத்தை எடுத்தாலும் தனியாளே இல்லாத வரிசை எங்காவது உண்டு என்பதையும் காட்டினார். 430க்கு மேல்? அதுவும் அப்படியே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கட்டுரையின் அடுத்தடுத்த பாகங்கள் தொடர்ந்தன. நான்காவது பாகம் 1944இல் கல்கத்தா கணிதக் கழக இதழில் வந்தது.

அதே 1940இல் அதே இதழில் அவருடைய இன்னொரு கட்டுரையும் வந்தது. உலகம் அவரை முதன்மையாக நினைவு வைத்திருப்பது அதற்காகத்தான் என்பதால் அதைச் சொல்லாமல் போக முடியாது. 1770இல் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் ஒன்று சொன்னார்: எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், இப்படியே மேலே போகலாம். நிரூபணம் எதுவும் கொடுக்கவில்லை. ஆறாம் அடுக்குக்கு எத்தனை வேண்டும்? 703 என்ற எண்ணை எடுங்கள். ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று போகின்றன. 729 என்பது 703ஐத் தாண்டிவிட்டது. ஆகவே கையில் இருப்பது 64உம் 1உம் மட்டும். பத்து 64 போட்டால் 640. மிச்சம் 63க்கு ஒன்று ஒன்றாக 63 முறை. பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. 703க்கு 73க்குக் குறைந்து முடியவே முடியாது. எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று நிரூபிப்பதுதான் மலை. அந்த மலையை 1940இல் சிதம்பரத்தில் உட்கார்ந்து பிள்ளை ஏறினார். ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ளவற்றுக்கான சூத்திரத்தை அவரும் அமெரிக்காவில் டிக்சனும் 1936 வாக்கில் தனித்தனியே கண்டிருந்தார்கள். ஐந்தாம் அடுக்கு 1964 வரை காத்திருந்தது. சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்கு 1986இல் முடிந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்கள். பின்னால் 2010இல் பிள்ளையின் கட்டுரைகளைத் தொகுத்த இருவரில் ஒருவரும் அதே பாலசுப்பிரமணியன், இன்னொருவர் ஆர். தங்கதுரை.

மேலே போட்ட பட்டியலில் 2190ஐ ஒருமுறை திரும்பப் பாருங்கள். 2 × 3 × 5 × 73. எதேச்சைதான், ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

2186உம் லேசுப்பட்டதல்ல. 1093ஐ இரட்டிப்பாக்கியது அது. 2ஐ 1092 முறை தன்னோடு தானே பெருக்கினால் 329 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். அதில் 1ஐக் கழித்தால் வருவதை 1093 வகுக்கும் என்பதில் வியப்பில்லை; எந்த ஒற்றைப் பகா எண்ணுக்கும் அப்படித்தான். 1093 இரண்டு முறை வகுக்கிறது என்பதுதான் வியப்பு. இந்தக் குணம் உள்ள பகா எண்களுக்கு வீஃபரிக் பகா எண்கள் என்று பெயர். 1913இல் 1093 அகப்பட்டது, 1922இல் 3511 அகப்பட்டது. அதற்குப் பிறகு கோடானுகோடி எண்களைக் கணினி சலித்தும் மூன்றாவது கிடைக்கவில்லை. பெயர்க்காரரான வீஃபரிக், 1909இல் வேரிங்கின் ஒன்பது கனங்களை நிரூபித்த அதே ஜெர்மானியர். அதில் இருந்த ஓர் ஓட்டையைப் பிறகு கெம்ப்னர் 1912இல் அடைத்தார்.

பெங்களூரில் அச்சான அந்தப் பதினேழு எண் கட்டுரை எவ்வளவு சீக்கிரம் கடல் தாண்டியது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யுத்த காலம் வேறு. அடுத்த ஆண்டே, 1941இல், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் ஆல்ஃபிரட் பிரவர் நான்கு பக்கங்களில் மிச்சத்தை முடித்துவிட்டார்: 17க்கு மேல் எந்த நீளத்துக்கும், ஒன்று விடாமல், தனியாள் இல்லாத வரிசை உண்டு. பிரவர் ஒரு ஜெர்மானிய யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் அமெரிக்கா போனவர். அப்போது அவர் இருந்த இடம் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம். அதே காலத்தில் இன்னொரு ஜெர்மானிய யூதரான ஃபிரீட்ரிக் லெவி நாஜிகளிடமிருந்து தப்பி வந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை 1941இல் அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் போய், மறு ஆண்டே லெவியின் அழைப்பில் கல்கத்தாவுக்குப் போனார்.

1950இல் பிரின்ஸ்டன் அவரையே அழைத்தது, ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய. போகிற வழியில் ஹார்வர்டில் அனைத்துலகக் கணித மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் அவர் போவதாக ஏற்பாடு. மாநாடு ஆகஸ்ட் 30இல் தொடங்கியது. அவர் ஏறிய, பம்பாயிலிருந்து நியூயார்க் போகும் டி.டபிள்யு.ஏ. விமானம் கெய்ரோவில் இறங்கி, ரோமுக்குக் கிளம்பியது. ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. திரும்பிவரப் பார்த்து, ஆகஸ்ட் 31ஆம் தேதி விடியுமுன் எகிப்தியப் பாலைநிலத்தில் விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்தின் முதல் வரைபட வேலையில் பங்கெடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போலந்துக் கட்டடக்கலைஞர் நோவிட்ஸ்கியும் அதில் இருந்தார். அவர் போனதால்தான் சண்டிகர் லெ கொர்புசியேவின் கைக்குப் போனது. சண்டிகரைப் பற்றி எழுதுகிற யாரும் அந்த விபத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளைக்கு அப்போது 49 வயது.

பதினேழு எண்களின் கதை அவரோடு நிற்கவில்லை. 1981இல் மான்செஸ்டரில் ஆலன் உட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மாணவர் கணிதத் தருக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அவர் போன பாதை வேறு. 'அடுத்த எண்' என்பதையும் 'பொதுக் காரணி இல்லை' என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டு எண்கணிதம் முழுவதையும் சொல்லிவிட முடியுமா என்பது அவருடைய விசாரம். அதில் ஓர் ஊகம் எழுந்தது: ஒரு வரிசையின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எடுத்தால், நடுவில் அந்த இரண்டோடும் சம்பந்தமே இல்லாத எண் ஒன்றாவது எப்போதும் இருக்கும். கொஞ்ச நாளில் ஊகம் பொய்த்தது. பொய்யாக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? 2184உம் 2200உம்தான். பட்டியலில் மறுபடி பாருங்கள். நடுவிலிருக்கும் பதினைந்தில் ஒவ்வொன்றும் தலையில் இருக்கும் 2184க்கோ வாலில் இருக்கும் 2200க்கோ நேரடிச் சொந்தம். பிள்ளை கேட்டது இவ்வளவு கறாராக அல்ல. யாருக்காவது சொந்தமாக இருந்தால் போதும் என்றுதான். அவர் கேள்விக்கு விடையான முதல் இடம் இந்தக் கடுமையான கேள்விக்கும் முதல் விடையாக அமைந்துவிட்டது.

இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் இங்கே 16. இப்படிப்பட்ட தூரங்களுக்கு இப்போது எர்டோஷ்–உட்ஸ் எண்கள் என்று பெயர். அடுத்தது 22. அதற்கான வரிசை ஒன்றைப் பார்க்க 35,21,210 வரை போக வேண்டும். அங்கிருந்து 35,21,232 வரை. முதல் எண்ணில் 2, 5, 7, 11, 17 இருக்கின்றன. கடைசியில் 2, 3, 11, 13, 19. நடுவிலுள்ள பதினொரு ஒற்றை எண்களையும் இவை தங்களுக்குள் பிரித்துக்கொள்வதைப் பொறுமையுள்ளவர்கள் சரிபார்க்கலாம். பிறகு 34, 36, 46 என்று போகிறது. இவை முடிவில்லாமல் உண்டு என்று டேவிட் டோவ் 1989இல் நிரூபித்தார். எல்லாமே இரட்டைப்படை என்றும் அவர் ஊகித்தார். அது தவறிப்போனது; முதல் ஒற்றைப்படை எண் 903. பிள்ளை ஏறிய விமானத்தின் எண்ணும் 903. எண்கோட்பாட்டில் பழகியவர்கள் இதற்குப் பொருள் கற்பிக்க மாட்டார்கள். சிறிய எண்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. எல்லா வேலைக்கும் அவற்றையே திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மும்பையில் என். சாரதா, ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் லயோஷ் ஹைடு என்று பிள்ளையின் கேள்வியைப் பின்னால் பலர் எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அடுத்தடுத்த எண்களுக்குப் பதிலாகக் கூட்டுத்தொடர் எடுத்தால் என்ன, பொதுக் காரணி 1ஐ விடப் பெரிதாக இருந்தால் போதாது, இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் என்ன என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே பிள்ளையின் பெயர் வரும்.

அந்தப் பதினேழுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்தது. பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் விடாத இன்னொரு பிரச்சினை முழு அடுக்குகள். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கங்கள், கனங்கள், மேல் அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பக்கத்துப் பக்கத்தில் உள்ளவற்றின் இடைவெளி போகப்போகக் கூடிக்கொண்டே போய் முடிவிலியை எட்டும் என்பது அவருடைய ஊகம். வேறு விதமாகச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட வித்தியாசம், 2 என்றோ 10 என்றோ, எண்ணிச் சொல்லக்கூடிய சில இடங்களில்தான் வரும். வித்தியாசம் 1க்கு மட்டும் தீர்ந்தது: 8உம் 9உம் தவிர வேறு ஜோடி இல்லை என்று ருமேனியரான மிஹைலெஸ்கு 2002இல் நிரூபித்தார். வித்தியாசம் 2க்குக்கூட இன்னும் நிரூபணம் இல்லை.

இப்போது பட்டியலுக்குப் போங்கள். 2187 என்பது 3இன் ஏழாம் அடுக்கு. 2197 என்பது 13இன் கனம். 46இன் வர்க்கம் 2116, 47இன் வர்க்கம் 2209. இந்த அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே இரண்டு முழு அடுக்குகள் பத்து எண் இடைவெளியில் நிற்கின்றன. தனியாள் இல்லாத முதல் வரிசைக்குள்ளேயே இரண்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 2197ஐத் தனியாளாக விடாமல் 2184 பிடித்துக்கொண்டதும் அந்த 13ஆல்தான்.

13இலிருந்து 3ஐக் கழித்தாலும் 10. 13இன் கனத்திலிருந்து 3இன் ஏழாம் அடுக்கைக் கழித்தாலும் 10. இரண்டு எண்களின் அடுக்குகளைக் கழித்து ஒரே விடையை இரண்டு முறை பெறுவது மிக அபூர்வம். விடை போதுமான அளவு பெரிதாக இருந்தால் ஒருமுறைக்கு மேல் வராது என்று பிள்ளை 1936இல் காட்டியிருந்தார். 2001இல் மைக்கேல் பென்னட் கனடிய கணித இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'எஸ். எஸ். பிள்ளையின் சில அடுக்குச் சமன்பாடுகள் பற்றி'. எந்த விடையும் இரண்டு முறைக்கு மேல் வரவே வராது என்று அதில் நிரூபித்தார். இரண்டு முறை வருகிற இடங்களுக்கு ஒரு பட்டியலும் கொடுத்தார்: 8இல் 3 போனால் 5, 32இல் 27 போனாலும் 5 என்பதுபோல மொத்தம் பதினொன்று. 13, 3, 10 அவற்றில் ஒன்று. பட்டியல் அதோடு முடிந்தது என்பது பென்னட்டின் ஊகம். அதற்கு நிரூபணம் இன்னும் வரவில்லை. பன்னிரண்டாவது ஒன்றும் இதுவரை அகப்படவில்லை.